கேஜ் குழப்பம்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வைண்டிங்
வெளிநாட்டு மோட்டார். பழைய சுருளைப் பிரித்த ஆள் சீட்டில் '20 கேஜ்' (கம்பியின் பருமன் நம்பர்) என்று மட்டும் எழுதியிருந்தார். மோட்டாரில் இருந்தது ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) 20, அதாவது 0.81 மி.மீ. நம் கடையில் 20 கேட்டால் எஸ்.டபிள்யூ.ஜி.தான் (பிரிட்டிஷ் கம்பி அளவு) தருவார்கள், 0.91 மி.மீ. வித்தியாசம் அற்பம் போலத் தெரியும். ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கடைசிச் சுற்றுகள் ஸ்லாட்டில் (சுருள் உட்காரும் பள்ளம்) இறங்கவில்லை. தட்டி இறக்கினார்கள், கம்பிமேல் பூசிய எனாமல் உரிந்து பாடியோடு ஷார்ட்.

சைட்_மேஸ்திரி
தளத்துக்கு அடியில் விரிக்கிற பாலிதீன். நம்பர் குறைந்தால் கனம் என்று தகட்டுக் கணக்கில் 200 கேஜ் இறக்கிவிட்டார்கள். பாலிதீன் ஷீட்டில் அது தலைகீழ். 100 கேஜ் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1000 கேஜ் 250 மைக்ரான். வந்தது வெறும் 50 மைக்ரான்! ஜல்லிமேல் ஆள் நடந்ததுமே பொத்தல், சிமெண்ட் பால் முழுக்க மண்ணுக்குள்.

வார்டு
டிரிப் ஏற்றும் ஊசியில் கம்பி மாதிரியேதான், நம்பர் ஏறினால் மெல்லிசு. ஊசியின் நிறப்படி பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22. ரத்தம் நிறைய போனவருக்கு நீலத்தைக் குத்திவிட்டு, டிரிப் ஓடவில்லையென்று பையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். உள்விட்டம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்காகிவிடும். பிழிந்து ஈடுகட்ட முடியாது.

எர்த்_பிட்
வைண்டிங் சொல்வது சரியில்லை. சீட்டு எழுதியவர்மேல் என்ன தப்பு? எனாமலைச் சுட்டு எடுத்து மைக்ரோமீட்டரில் பார்க்காமல் யாராவது கம்பி வாங்குவார்களா? எர்த் கம்பியிலும் இதே கூத்து. 8 எஸ்.டபிள்யூ.ஜி. 4.06 மி.மீ., 8 ஏ.டபிள்யூ.ஜி. 3.26தான். இரண்டாவது ஏறக்குறைய நம் 10 நம்பர். கையில் அளவி இல்லையா, தராசில் போடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி கிலோவுக்கு 10 மீட்டர் அளவில் வந்தால் 8 நம்பர். 15 மீட்டர் வந்தால் 10-ஐ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பில்லில் கேஜ் வேண்டாம், மி.மீ. போடச் சொல்லுங்கள். ஷீட்டுக்கு மைக்ரான். மறுத்தால் வேறு கடை.

கூலிங்
முள் வைத்த கேஜை, அதாவது அழுத்தமானியை, எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஏ.சி. பைப்பில் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சும்போது முள் 0-வுக்கு வந்ததும் காலியாகிவிட்டது என்று பம்பை நிறுத்துகிறார்கள். அந்த 0 வெளிக்காற்றின் அழுத்தம், உள்ளே காற்று அப்படியே இருக்கிறது. முள் 0-வுக்குக் கீழே 30 அங்குலத்தை (பாதரச உயரக் கணக்கு) ஒட்டி இறங்க வேண்டும். ஈரம் போனதா என்று அதிலும் தெரியாது, அதற்குத் தனி மைக்ரான் கேஜ் வேண்டும், 500 மைக்ரானுக்குக் கீழ் இறங்கி நிற்க வேண்டும். மேஸ்திரி, இந்த மைக்ரான் பாதரச உயரம், உங்கள் ஷீட் கனம் இல்லை.