கோலாலம்பூர் வந்து 19 நாள், கார் வாடகையிலேயே பணம் கரைகிறது. குறைந்த செலவில் எப்படிப் போய்வருவது?

மலைக்கோட்டை_88:
எல்லோருக்கும் வணக்கம். வேலை கிடைத்து வந்தேன், சம்பளம் மாதக் கடைசியில்தான். கையில் இப்போது 900 ரிங்கிட் இருக்கிறது. ஆபீசுக்குப் போகவர தினமும் ஆப்பில் கார் பிடித்ததில் கொண்டுவந்ததில் பாதி போய்விட்டது. மழை பெய்தால் கட்டணம் ஏறிவிடுகிறது, நான் ஆபீஸ் விட்டுக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக மழையும் வந்துவிடுகிறது. முந்தாநாள் துணிந்து ரயிலில் போனேன். மஸ்ஜித் ஜாமேக்கில் மாறச் சொன்னார்கள், மாறினேன். ஏழெட்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் எதிர்ப்பக்கம் போகிறேன் என்று உறைத்தது. கோம்பாக் வரை போய்த் திரும்பி வந்தேன், ஒன்றேகால் மணி நேரம் தாமதம், மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை மனைவியும் 4 வயது மகளும் வருகிறார்கள். ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாதப் பாஸ் மாதிரி ஏதாவது உண்டா? ராத்திரி தூக்கம் வரவில்லை, யாராவது சொல்லுங்கள்.

பாங்சார்வாசி:
தம்பி, உங்கள் பிரச்சினை ரயில் இல்லை, வீடு. உடனே பிரிக்பீல்ட்ஸுக்கு மாறிவிடுங்கள். கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே, எல்.ஆர்.டி. என்ற நகர ரயில், மோனோரயில், கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் நடந்துபோகும் தூரம். துன் சம்பந்தன் சாலையில் இறங்கி நடந்தால் பூக்கடை, மளிகை, வாழையிலைச் சோறு, எல்லாம் நம் ஆட்கள். நான் 2014இல் வந்தபோது செலாயாங்கில் ஒரு அறையில் ஐந்து பேர். காலை ஐந்தரைக்குப் பேருந்து நிற்கும் இடத்தில் இருட்டில் நிற்பேன். இரண்டு பேருந்து மாறி ஆபீஸ் சேர இரண்டு மணி நேரம். மூன்று மாதம் மதியச் சாப்பாடு பரோட்டா மாதிரி ரெண்டு ரொட்டி சானாயும், தே ஓ என்கிற பாலில்லாத ஒரு தேநீரும்தான். அந்த மூன்று மாதத்தில் எட்டு கிலோ இளைத்தேன். அந்தக் கஷ்டம் நீங்கள் படக்கூடாது என்றுதான் சொல்கிறேன். முதலில் வீட்டை மாற்றுங்கள்.

நெல்லைத்தென்றல்:
பாங்சார் அண்ணா, கையில் 900 வைத்திருப்பவரிடம் வீடு மாறச் சொல்கிறீர்களே. இங்கே வீடு எடுக்க முன்பணம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு மாத வைப்பு, ஒரு மாத வாடகை, அதற்கு மேல் தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம். மூன்றரை மாத வாடகையை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும்.

தம்பி, மனைவி வருவதால் ஒன்று சொல்கிறேன், குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்காதீர்கள். நான் மகனுக்கு 300 வெள்ளிக்கு வாங்கினேன் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்). நடைபாதை நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு முழம் உயரத்துக்குத் திண்டு, அப்புறம் மூடி இல்லாத சாக்கடை, அதற்கு அடுத்து நடுப்பாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்தி இருப்பார்கள். ஒரு கையில் வண்டி, மறு கையில் பிள்ளை, முதுகில் பை. முதல் மாதம் பாதி நாள் சாலையோரத்தில் நின்று அழுதிருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை நடக்கும், கூடவே தொப்பியும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம் தம்பி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மாதப் பாஸ் இருக்கிறதே, மை50 என்று பெயர். 50 வெள்ளி கட்டினால் 30 நாள் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பேருந்து எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். நகருக்குள் கோகேஎல் என்று ஊதாநிறப் பேருந்து ஓடுகிறது, அது இலவசம். இரண்டையும் வைத்துக்கொண்டால் செலவே இல்லை. கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பழைய மோட்டார் வாங்கிவிடுங்கள், இந்த ஊரில் மோட்டார் இல்லாமல் கால் இல்லாத மாதிரி.

தண்டவாளம்:
தோட்டத்து அண்ணே, மை50 உங்களுக்கு, எங்களுக்கு இல்லை. மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் தருகிறார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். கோகேஎல்லும் அப்படித்தான், வெளிநாட்டவருக்கு ஒரு வெள்ளி, அதுவும் அட்டையில், ரொக்கம் வாங்க மாட்டார்கள். மோட்டார் பற்றி இப்போது பேச வேண்டாம், இந்த ஊர் லைசென்ஸ் கையில் இல்லாமல் புதிதாக வந்தவர் நெடுஞ்சாலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

மலைக்கோட்டை தம்பி, நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள், ஆபீஸ் எந்தப் பக்கம்? இரண்டையும் சொல்லவில்லையே. அதைச் சொன்னால்தான் வழி சொல்ல முடியும்.

பாங்சார்வாசி:
நெல்லை சகோதரி சொல்வது சரிதான், முன்பணம் பெரிய தொகை. ஆனால் பணம் இருந்தாலும் வீடு கொடுக்கிறார்களா? 2016இல் நான் பதினொரு வீடு பார்த்தேன். போனில் நன்றாகப் பேசுவார்கள், எந்த நாடு என்று கேட்பார்கள், இந்தியா என்றதும் இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். விளம்பரம் மறுவாரமும் அப்படியே இருக்கும். மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

தோட்டத்துப்பிள்ளை:
உங்களுக்கு மட்டும் இல்லை அண்ணே, எங்களுக்கும் அதே கதைதான். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், என் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். என் தங்கை வாடகைக்குக் கேட்டபோது பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

நெல்லைத்தென்றல்:
மனசு கஷ்டமாக இருக்கிறது இதையெல்லாம் படிக்க. நாங்கள் கடைசியில் தெரிந்தவர் மூலமாகத்தான் வீடு பிடித்தோம். அப்புறம் அந்த ரிங்கிட்டை இருபதால் பெருக்கும் பழக்கம், அது என்னை முதல் ஒரு வருடம் விடவே இல்லை. ஒரு தேங்காய் வாங்கினாலும் ஊர் விலை மனதில் ஓடும். சாப்பிடப் பிடிக்காது.

பாங்சார்வாசி:
சம்பளத்தையும் இருபதால் பெருக்கித்தானே ஊரில் சொல்கிறோம். வாடகை, வரி, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று யார் கேட்கிறார்கள்.

தண்டவாளம்:
எல்லாம் உண்மைதான், நானும் பட்டிருக்கிறேன், அதற்குத் தனியாக ஒரு நாள் பேசுவோம். தம்பிக்குச் சனிக்கிழமை குடும்பம் வருகிறது. தம்பி, இடத்தைச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_88:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். தங்கியிருப்பது செந்தூலில், எல்.ஆர்.டி. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. உடன் வேலை செய்பவர் ஊருக்குப் போயிருப்பதால் இரண்டு மாதத்துக்கு அவர் வீடு. ஆபீஸ் பாங்சார் சவுத்தில். பூத்ரா ஹைட்ஸ் ரயிலில் ஏறு என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் வேண்டாம் என்றார், அதில்தான் குழம்பினேன். ரயில் நிலையத்தில் காசு போட்டு டிக்கெட்டாகத் தரும் அந்த நீல வில்லை வாங்கித்தான் போனேன்.

தண்டவாளம்:
அடடா, செந்தூலில் இருந்துகொண்டா கார் பிடித்தீர்கள்! உங்கள் வழி இந்த ஊரிலேயே சுலபமான வழிகளில் ஒன்று. நிதானமாகப் படியுங்கள்.

செந்தூல் எல்.ஆர்.டி.யில் அம்பாங் போகும் வண்டியும் வரும், பூத்ரா ஹைட்ஸ் போகும் வண்டியும் வரும். இரண்டில் எது வந்தாலும் ஏறுங்கள், உங்கள் தூரத்துக்கு இரண்டும் ஒரே தண்டவாளம்தான். தித்திவாங்சா, பி.டபிள்யூ.டி.சி., சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா, ஐந்தாவது மஸ்ஜித் ஜாமேக். அங்கே இறங்கி கேட்டுக்கு வெளியே போகாமல், கிளானா ஜெயா தடம் என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு கீழே சுரங்கத்துக்கு இறங்குங்கள். இறங்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். ஒரு பக்கம் கோம்பாக் என்று இருக்கும், ஒரு பக்கம் பூத்ரா ஹைட்ஸ். உங்களுக்கு வேண்டியது பூத்ரா ஹைட்ஸ் பக்கம். இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள், ஏனென்றால் நீங்கள் செந்தூலிலிருந்து வந்த தடத்தின் கடைசி ஸ்டேஷனும் பூத்ரா ஹைட்ஸ்தான். இரண்டு தடமும் வேறு வேறு வழியாகச் சுற்றிப் போய் அங்கே முட்டுகின்றன. அதனால்தான் உங்களிடம் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஏறியபின் கதவுக்கு மேலே இருக்கும் படத்தைப் பாருங்கள், அறிவிப்பிலும் "ஸ்தேசென் பெரிகுத்ன்யா" என்று வரும், அடுத்த ஸ்டேஷன் என்று அர்த்தம். அடுத்து பசார் செனி என்று வந்தால் சரி. டாங் வாங்கி என்று வந்தால் தப்பு, உடனே அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுங்கள். பசார் செனி, கே.எல். சென்ட்ரல், பாங்சார், அப்துல்லா ஹுக்கூம், ஐந்தாவது கெரிஞ்சி. இறங்கினால் பாங்சார் சவுத். ஐந்தும் ஐந்தும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாங்சார் என்று கேட்டதும் இறங்கிவிடாதீர்கள், பாங்சார் வேறு, பாங்சார் சவுத் வேறு.

நீல வில்லை வேண்டாம். பணம் போட்டுவைத்துத் தட்டிப் போகும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்குங்கள், ரொக்கத்தைவிட அட்டையில் கட்டணம் குறைவு. வீட்டிலிருந்து பேருந்து ஏறினாலும் அதே அட்டைதான். மனைவிக்கும் ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டிப் போக முடியாது. மிச்சம் பத்து வெள்ளிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அவசரத்தில் கேட் திறக்காமல் நிற்கும்போதுதான் பின்னால் வரிசை சேரும்.

நெல்லைத்தென்றல்:
விமான நிலையத்தையும் சொல்லிவிடுங்கள். விமான நிலைய எக்ஸ்பிரஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வர அரை மணிதான், ஆனால் ஒருவருக்கு 55 வெள்ளி. போக உங்களுக்கு, வர உங்களுக்கும் மனைவிக்கும் என்றால் 165 ஆகிறது. தனி ஆள் என்றால் பேருந்து நல்லது, சுமார் 15 வெள்ளியில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடலாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நீங்கள் போகும்போது பேருந்தில் போங்கள், திரும்பும்போது மட்டும் காரில் வாருங்கள். மூன்று பேர், நாலு பெட்டி, தூங்கும் குழந்தை, அந்த ஒரு நாள் காருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

டெர்மினல் எது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஏசியா என்றால் டெர்மினல் 2, பேட்டிக் ஏர் என்றால் டெர்மினல் 1. அவர்கள் கிளம்பும் முன் எம்.டி.ஏ.சி. என்ற மின்னணு வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசுத் தளம் இல்லை.

தோட்டத்துப்பிள்ளை:
மை50 பற்றி அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் தம்பி, மன்னிக்கணும். ஊர் சுற்ற நான் சொல்கிறேன், இதில் தப்பு வராது. செந்தூலில் கொம்யூட்டர் ஸ்டேஷனும் இருக்கிறது, எல்.ஆர்.டி. ஸ்டேஷன் வேறு, இது வேறு. அங்கிருந்து நாலாவது ஸ்டேஷன் பத்துமலை! ஒருவருக்குச் சில வெள்ளிதான். வண்டி அடிக்கடி வராது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கொம்யூட்டரில் பெண்களுக்கு மட்டும் என்று இளஞ்சிவப்பு அடையாளத்தோடு பெட்டி இருக்கும், குடும்பத்தோடு ஏறும்போது நீங்கள் அதில் ஏறிவிடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்ததுமே முருகன் தெரிவார், 42.7 மீட்டர், 2006இல் எழுப்பியது. 272 படி, பிள்ளை பாதியில் தூக்கச் சொல்லும், தயாராகப் போங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

இன்னொரு நாள் மாலையில் பசார் செனியில் இறங்கி மகாமாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1873இல் தொடங்கிய கோயில், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். என் அம்மா வருடாவருடம் அந்த ரதத்தோடு நடந்தவர். அப்படியே சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு, மஸ்ஜித் ஜாமேக் பின்னால் இரண்டு ஆறு கூடுமிடம், எல்லாம் நடந்தே பார்க்கலாம். கே.எல்.சி.சி. பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் இடமும் காலளவுத் தண்ணீர்க் குளமும் இருக்கிறது, காசு கிடையாது, மாற்றுத் துணி மட்டும் எடுத்துப் போங்கள். மழை வந்தால் அங்கிருந்து புக்கிட் பிந்தாங் வரை மூடிய, குளிரூட்டிய நடைபாதை உண்டு. சாப்பாட்டுக்குப் பெரிய கடைகளுக்குள் போகாதீர்கள், மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள், மூன்று பேரும் வயிறாரச் சாப்பிடலாம்.

பாங்சார்வாசி:
வெளியே போகும்போது பாஸ்போர்ட்டின் நகல் போதும் தம்பி, அசல் தொலைந்தால் பெரிய அலைச்சல்.

தண்டவாளம்:
இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. சோதனையில் அசலைத்தான் கேட்கிறார்கள். சட்டைக்குள் தொங்கும் சிறு பையில் அசலையே வைத்துக்கொள்ளுங்கள், மனைவியுடையதையும் சேர்த்து.

மலைக்கோட்டை_88:
இன்று காலை ரயிலில் போனேன். ஐந்து, இறங்கினேன், பலகையைப் பார்த்தேன், பசார் செனி என்று அறிவிப்பு வந்ததும்தான் மூச்சே வந்தது. ஐந்து, கெரிஞ்சி. ஆபீசுக்கு இருபது நிமிடம் முன்னாலேயே சேர்ந்துவிட்டேன். காரில் போனால் ஆகும் காசில் ஒரு வாரம் போய்வரலாம் போலிருக்கிறது. டிக்கெட்டைப் பார்த்தேன், டெர்மினல் 2. உங்கள் எல்லோருக்கும் நன்றி. அட்டைதான் கிடைக்கவில்லை, ஸ்டேஷனில் இன்று தீர்ந்துவிட்டது என்றார்கள்.

நெல்லைத்தென்றல்:
எங்கள் வீட்டில் பயன்படுத்தாத டச் அண்ட் கோ அட்டை இரண்டு இருக்கிறது தம்பி. மகனுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் மழைக்கோட்டும் இருக்கிறது, உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு மஸ்ஜித் ஜாமேக் வழியாகத்தான் வருவேன், நீங்கள் தடம் மாறும் இடத்திலேயே நிற்கிறேன்.