"நில்லுனேன்" யார் சொல்லிக்கொடுத்தது?

குடமுருட்டிக்கரை:
போன வாரம் இங்கே வலங்கைமான் வாத்தியார் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். பெற்றவர்கள் சொல்லுக்குச் சொல் திருத்தாவிட்டால் பிள்ளைக்கு இலக்கணமே வராதாம். படித்ததிலிருந்து எரிச்சல். என் மகளுக்கு மூன்று வயது நாலு மாதம். நேற்று ஆற்றில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து அப்பாயியிடம், "நான் படியிலயே நில்லுனேன், எறங்கல" என்றாள். "நின்னேன்னு சொல்லும்மா" என்றேன். தலையை நன்றாக ஆட்டிவிட்டு, "ஆமாம்ப்பா, நில்லுனேன்" என்றாள். எங்கள் வீட்டில் யாருமே சொல்லாத சொல் இது. ஓடு, ஓடுனேன். தூங்கு, தூங்குனேன். அப்போ நில்லு, நில்லுனேன். கணக்கை அவளே போட்டிருக்கிறாள்.

வலங்கைமான் வாத்தியார்:
தம்பி, இறந்தகால இடைநிலை த், ட், ற், இன். நின்றேன் என்பதில் ற் வரவேண்டும், உங்கள் மகள் இன் போட்டிருக்கிறாள். இதற்குப் பெயர் பிழை. பிழைக்கு ஆரத்தி எடுக்கிற தகப்பனை இப்போதுதான் பார்க்கிறேன். வீட்டில் யாரோ அப்படிப் பேசுகிறார்கள், விசாரியுங்கள்.

நீடாமங்கலம் அக்கா:
ஐயா, பிழை இல்லை என்று அவர் சொல்லவே இல்லையே. எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி? 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர் அம்மையார் குருவி மாதிரி ஒரு படத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, "இது ஒரு வக்" என்றார். அப்படி ஒரு சொல்லே கிடையாது. அப்புறம் இரண்டைக் காட்டிக் கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் "வக்ஸ்" என்றன. இல்லாத சொல்லை எந்த அம்மா திருத்திக் கொடுத்திருப்பாள்?

வலங்கைமான் வாத்தியார்:
அமெரிக்கக் குருவி வலங்கைமானில் கூடு கட்டாது. அங்கே ஒரு ஸ் போட்டால் வேலை முடிந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: நில்லுனேன் என்று வீட்டில் யார் சொன்னது? கைப்பேசியில் பொம்மைப்படம் ஓடுகிறதா?

குடமுருட்டிக்கரை:
எந்தப் பொம்மைப்படத்தில் ஐயா நில்லுனேன் என்று பேசுகிறார்கள்? இன்னொன்றும் கேளுங்கள். ரெண்டரை வயதில் இவளே ஒழுங்காக "நின்னேன்" என்றுதான் சொன்னாள். அப்போது கேட்டதை அப்படியே சொன்னாள், இப்போது விதி பிடிபட்டுவிட்டது, அதை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கிறாள்.

வலங்கைமான் வாத்தியார்:
ஆக, நன்றாகப் பேசிய பிள்ளை கெட்டுப்போயிருக்கிறது! நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதுதான் வளர்ப்பு என்கிறேன்.

கடைமடைக்காரன்:
ஒரு நிமிஷம். எந்த ஆற்றில் தண்ணீர் வந்தது? மேட்டூர் திறந்து இத்தனை நாளாச்சு, எங்கள் வாய்க்காலில் ஆடுதான் மேய்கிறது. தலைமடைக்காரர்களுக்குப் பிள்ளையோடு போய் வேடிக்கை பார்க்கிற அளவுக்குத் தண்ணீர், நமக்கு நாற்றங்காலுக்கே வழியில்லை.

குடமுருட்டிக்கரை:
அண்ணே, நான் ஷட்டரைத் தூக்கவில்லை.

அரசலாறு:
வாத்தியாருக்கு ஒரு கேள்வி. நம்ம பக்கம் "அம்மா வந்துச்சு" என்று பாதி ஊர் பேசுகிறது. அதுவும் வளர்ப்புக் கோளாறா?

வலங்கைமான் வாத்தியார்:
பெற்ற தாயை அஃறிணையில் சொல்வது கோளாறு இல்லாமல் என்ன? முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

அரசலாறு:
பொங்கலுக்கு நீங்கள் போட்ட பதிவில் "எங்க அக்கா சீர் கொண்டு வந்துச்சு" என்று இருந்ததே, எடுத்துப் போடவா?

வலங்கைமான் வாத்தியார்:
அது பாசத்தில் வருவது, வேறு கதை. டிகிரி காப்பி விவாதத்தில் தோற்ற கடுப்பை இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

அரசலாறு:
தோற்றது யார்? சிக்கரி கலந்தால் என்ன என்று கேட்டவரே நீங்கள்தான்!

நீடாமங்கலம் அக்கா:
குழந்தை பேச்சு எங்கே, சிக்கரி எங்கே. ஐயா, கேட்டதைத்தான் பிள்ளை சொல்லும் என்றால் கேட்காததை எப்படிச் சொன்னது, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பழக்கத்தால்தான் மொழி வரும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரை எதிர்த்து 1959-இலேயே மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதியபோது...

வலங்கைமான் வாத்தியார்:
சாம்ஸ்கி பிள்ளைக்கு நான் பாடம் எடுக்கவில்லை. கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் காதில் விழவில்லை, பிள்ளை காதில் விழுந்திருக்கிறது.

குடமுருட்டிக்கரை:
யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை தடவை எழுதட்டும்?

கடைமடைக்காரன்:
தண்ணீர் எந்த மதகு வரைக்கும் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் புண்ணியமாப் போகும்.

வலங்கைமான் வாத்தியார்:
அப்பாயியைக் கேட்டீர்களா?