டொமைன்ல சேர்த்த நாலு பிசியும் படுத்துது, எங்க தப்புன்னு தெரியல

கப்பலூர்த்தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். கப்பலூர் சிட்கோவுல ஒரு ரப்பர் பார்ட்ஸ் கம்பெனியில இருக்கேன். பிரிண்டர் பாக்கத்தான் எடுத்தாங்க. இப்ப 38 பிசி, பயோமெட்ரிக், கேமரா அம்புட்டும் என் தலையில.

இதுவரைக்கும் ஒர்க்குரூப்தான், ஒவ்வொரு பிசிக்கும் தனித்தனியா யூசர், பாஸ்வேர்டு. ஸ்டோர்ஸ்ல இருந்து நின்னுட்ட ஒருத்தர் பேர்ல ரெண்டு வாரம் கழிச்சும் ஷேர் ஃபோல்டர் திறந்து கிடந்துச்சு. முதலாளி பாத்துட்டு, "ஒரே இடத்துல பூட்ட வழி இல்லையாப்பா?"ன்னு கேட்டார். சரின்னு விண்டோஸ் சர்வர் 2022 இவால்யுவேஷன் காப்பியை (சோதிச்சுப் பாக்க சும்மா கிடைக்கிறது) இறக்கி, வீடியோ பாத்துப் பாத்து ஆக்டிவ் டைரக்டரி போட்டேன், எல்லா யூசரையும் பிசியையும் டொமைன்னு ஒரே இடத்துல வச்சுப் பாத்துக்கிறது. டொமைனுக்கு எங்க வெப்சைட் பேரையே அப்படியே வச்சேன்.

நாலு பிசி சேந்துச்சு. அஞ்சாவதுல டொமைன் கன்ட்ரோலரை, அதாவது அந்த சர்வரை, தொடர்புகொள்ள முடியலைன்னு வருது. சேந்த நாலும் காலையில லாகின் ஆக எட்டு நிமிஷம் எடுக்குது, டீ குடிச்சிட்டே வந்துடலாம். எங்க வெப்சைட் போன்ல திறக்குது, ஆபீஸ் பிசியில திறக்கல. இதெல்லாங்கூடப் பரவாயில்ல. அக்கவுண்ட்ஸ் அக்கா பிசியை டொமைன்ல சேத்ததும் அவங்க டெஸ்க்டாப்பே துடைச்ச மாதிரி ஆயிருச்சு. பச்சைப் பட்டுல அழகர் நிக்கிற வால்பேப்பரையும் காணோம், ஜிஎஸ்டி எக்செல்லையும் காணோம். அக்கா என்கூட பேசறதில்ல.

பிசியில டிஎன்எஸ் (பேரைக் கேட்டா ஐபி சொல்றது) முதலாவது சர்வர் ஐபி, ரெண்டாவது கூகுளோட 8.8.8.8 கொடுத்திருக்கேன். சில பிசி ரவுட்டர்ல இருந்து தானா எடுக்குது. எங்க தப்பு?

ரேக்ரூம்_மதுரை:
தம்பி, முதல்ல அக்காவைச் சமாதானப்படுத்துங்க. ஒண்ணும் போகல. சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டரைத் திறங்க, அவங்க பழைய பேர்ல ஒரு ஃபோல்டர் அப்படியே இருக்கும். பேர் ஒண்ணா இருந்தாலும் லோக்கல் யூசர் வேற ஆள், டொமைன் யூசர் வேற ஆள். ரெண்டுக்கும் எஸ்ஐடி (விண்டோஸ் ஆளை அடையாளம் காணுற நம்பர்) வேற, அதனால விண்டோஸ் புது ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்திருக்கு. எக்செல்லை எடுத்துக் கொடுங்க. அழகரையும் மறக்காம எடுத்து வைங்க, அதுதான் முக்கியம்.

இப்ப உங்க வியாதி. அந்த ரெண்டாவது 8.8.8.8தான். பிசிக்கு டொமைன் கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு தானா தெரியாது. டிஎன்எஸ்ல எஸ்ஆர்வி ரெக்கார்டுன்னு ஒண்ணைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்குது. அந்த ரெக்கார்டு உங்க சர்வர்ல மட்டும்தான் இருக்கு. முதல் டிஎன்எஸ் ஒரு தடவை பதில் சொல்லத் தாமதிச்சா பிசி ரெண்டாவதுக்குத் தாவிடும். கூகுள்காரனுக்கு உங்க ஸ்டோர்ஸ் ரூம் எங்கன்னு தெரியுமா? "அப்படி ஒரு பேரே இல்ல"ம்பான். பிசியும் அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும். உங்க எட்டு நிமிஷம் அங்கதான் போகுது.

அதனால எல்லா பிசிக்கும் டிஎன்எஸ் உங்க சர்வர் ஐபி மட்டும். வெளி இன்டர்நெட்டுக்கு, சர்வர்ல டிஎன்எஸ் கன்சோலைத் திறந்து ஃபார்வர்டர்ல (சர்வர் தனக்குத் தெரியாத பேரைக் கேக்குற இடம்) 8.8.8.8 போடுங்க, அதோட இடம் அது. ரவுட்டர்ல டிஎச்சிபியை (பிசிக்கு ஐபி, டிஎன்எஸ் தானா கொடுக்கிறது) நிறுத்திட்டு சர்வர்லயே ஓட்டுங்க.

வெப்சைட் திறக்காததுக்குக் காரணம் நீங்க வச்ச பேர். அந்தப் பேருக்கு இப்ப ஆபீஸுக்குள்ள உங்க சர்வர்தான் அதிகாரி, வெளிய யாரையும் கேக்காது. மூணு டபிள்யூவுக்குக் கையால ரெக்கார்டு போட்டு ஓட்டலாம். ஆனா அது இல்லாம வெறும் பேரை அடிச்சா சர்வர்லயே வந்து முட்டும். நாலு பிசிதானே சேத்திருக்கீங்க, கலைச்சிட்டு முன்னால ஏடி, புள்ளி, கம்பெனி பேர்னு துணைப் பேரா வச்சு மறுபடி கட்டுங்க. நாப்பது பிசி சேத்தப்புறம் பேர் மாத்துறது பெரிய ரோதனை.

எப்படியும் கலைக்க வேண்டியதுதான். இவால்யுவேஷன் 180 நாள். முடிஞ்சா மணிக்கு ஒரு தடவை சர்வர் தானா ஆஃப் ஆகும். டொமைன் கன்ட்ரோலரா இருக்கிற இவால்யுவேஷனை லைசென்ஸ் கீ அடிச்சு நேரா மாத்தவும் முடியாது. சர்வர் லைசென்ஸோட சிஏஎல்லும் (சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கோ பிசிக்கோ தனியா வாங்குற லைசென்ஸ்) வாங்கணும்னு முதலாளிகிட்ட இப்பவே சொல்லிருங்க. விண்டோஸ் ஹோம் எடிஷன் எத்தனைன்னும் எண்ணுங்க, அது டொமைன்ல சேராது. முடிஞ்சா ரெண்டாவது கன்ட்ரோலர் ஒண்ணு, பழைய பெட்டியா இருந்தாலும் சரி. ஒண்ணே ஒண்ணு இருந்து அது படுத்தா ஊரே படுத்துரும்.

என் கதை ஒண்ணு. ஒரு மில்லுல 50 பேருக்கு ஒரே நாள்ல யூசர் போட்டேன். புது டொமைன்ல பாஸ்வேர்டு ஆயுசு 42 நாள்னுதான் இருக்கும், நான் அதைத் தொடல. அழகர் ஆத்துல இறங்குன லீவு முடிஞ்சு மறுநாள் காலையில 50 பேருக்கும் ஒண்ணா காலாவதி. புதுசு வைக்கச் சொன்னா, பழசுக்குப் பின்னாடி ஒரு புள்ளியை வச்சிட்டு மறந்துட்டாங்க. நான் பைக்ல போய்ச் சேர்றதுக்குள்ள 31 மிஸ்டு கால். யூசர்களைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க.

பெங்குவின்நண்பன்:
லைசென்ஸ் காசு கைய கடிச்சா சாம்பா இருக்கு, லினக்ஸ்ல ஓடுற இலவச மென்பொருள். 2012 டிசம்பர்ல வந்த 4ஆம் பதிப்புல இருந்தே டொமைன் கன்ட்ரோலரா ஓடும், சிஏஎல் வேண்டியதில்ல. விண்டோஸ் பிசியில இருந்தே அதே கன்சோல்ல யூசர் போடலாம். ஆனா ரெண்டு சர்வர் வச்சா குரூப் பாலிசி (எல்லா பிசிக்கும் போடுற விதி) ஃபோல்டர் தானா ஒத்துப்போகாது, ஆர்சிங்க் மாதிரி ஏதாவது வச்சு நாமதான் நகல் எடுக்கணும். லினக்ஸ் கை பழகாத ஆளுன்னா ரேக்ரூம் அண்ணன் சொன்னதே நல்லது.

கப்பலூர்த்தம்பி:
அண்ணே, ஞாயித்துக்கிழமை உக்காந்து கலைச்சுக் கட்டிட்டேன். முதலாளி லைசென்ஸுக்கு ஒத்துக்கிட்டார். 11 பிசி ஹோம் எடிஷன்னு சொன்னப்பதான் முகம் சுருங்குச்சு. லாகின் இப்ப அரை நிமிஷம். அழகர் திரும்பி வந்துட்டார், அக்கா வடை வாங்கித் தந்தாங்க.

டிஸ்பாட்ச்ல ஒரே ஒரு பிசி மட்டும் கரண்ட் போய் வந்தா டொமைன்ல லாகின் ஆக மாட்டேங்குது. டிஎன்எஸ் சரியாத்தான் இருக்கு. கீழ மூலையில தேதி 2009ன்னு காட்டுது, சம்பந்தம் இருக்குமா?

ரேக்ரூம்_மதுரை:
அதேதான். பிசி நேரமும் சர்வர் நேரமும் 5 நிமிஷத்துக்கு மேல விலகுனா, லாகினைச் சரிபாக்குற கெர்பரோஸ் முரண்டு பிடிக்கும், நீங்க வருஷக்கணக்குல விலகி நிக்கிறீங்க. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. கரண்ட் இல்லாதப்ப நேரத்தை ஓட்டுறது அதுதான், தீர்ந்திருக்கும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வந்தா வாங்கிக்கங்க. ரெண்டா வாங்குங்க, பக்கத்து பிசியும் அதே வயசாத்தான் இருக்கும்.