லக்சம்பர்க்: எந்த மொழியில் பேசினீர்கள், என்ன நடந்தது?

எஷ்வாசி:
நாட்டைப் பற்றி அறிமுகம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளின் பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். இரண்டாம் வகுப்பு. வகுப்பில் பேச்சு இந்நாட்டின் சொந்த மொழியான லக்சம்பர்கிஷ், எழுத்துப் பாடம் ஜெர்மன். டீச்சர் என்னிடம் பேசியதோ பிரெஞ்சு. என் பிரெஞ்சு காய் வாங்கும் அளவுக்குத்தான். நான் விழிப்பதைப் பார்த்தவர், மகள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் என்னிடம், "அப்பா, ஜெர்மன் வாசிக்கிறதுல நான் பின்தங்கியிருக்கேனாம்" என்றாள். தன் மேல் வந்த குறையைத் தானே மொழிபெயர்த்துச் சொன்னாள், முகம் கூட மாறவில்லை! டீச்சர் பாராட்டுவது போலத் தலையாட்டினார்.

வெளியே காத்திருந்த போர்ச்சுகீசிய அம்மாவுக்கும் இதே கவலை. இங்குள்ள வெளிநாட்டவரில் அவர்கள்தான் அதிகம். வீட்டில் பிரெஞ்சுக்கு நெருக்கமான மொழி பேசும் பிள்ளை ஜெர்மனில் எழுத்துக் கற்று, மேல்வகுப்புக்குப் போனதும் கணக்கைப் பிரெஞ்சில் படிக்க வேண்டும். 2022இல் சில பள்ளிகளில் பிரெஞ்சிலேயே எழுத்தைத் தொடங்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளி அதில் இல்லை.

எல்லைதாண்டி:
பிரான்சில், தியோன்வில்லில் வீடு. வேலைக்குத் தினமும் லக்சம்பர்க் வருகிறேன். மூன்று பக்கத்து நாடுகளிலிருந்தும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படித்தான் வந்து போகிறார்கள். (லக்சம்பர்க்குக்குள் ரயில் இலவசம் என்று பொறாமைப்பட வேண்டாம். எல்லை வரை காசு கொடுத்துத்தான் வருகிறோம்.)

ஸ்டேஷன் அருகே ரொட்டிக்கடை. கல்லாவில் பிரான்சின் லொரேன் பக்கத்துப் பெண், சின்ன வயது. ஒரு பெரியவர் லக்சம்பர்கிஷில் கேட்டார். அவள் பணிவாக, பிரெஞ்சில் சொல்ல முடியுமா என்றாள். சொன்னார், காசும் கொடுத்தார். பை கைக்கு வந்த பிறகு, கேட்டதையெல்லாம் மறுபடி லக்சம்பர்கிஷில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். வரிசையில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்துவிட்டது. இந்த நாட்டுச் சட்டமே பிரெஞ்சில்தானே எழுதப்படுகிறது? அப்புறம் அவளிடம் என்ன கோபம்?

கிர்ச்பெர்க் மழை:
எல்லைதாண்டி, பெரியவர் செய்தது முரட்டுத்தனம்தான். ஆனால் சட்டத்தை இழுத்தீர்களே, அது பாதிக் கதை. 1941 அக்டோபரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு நிர்வாகம் கணக்கெடுப்பு நடத்தியது. குடியுரிமை, தாய்மொழி, இனம் என்று கேள்விகள். லக்சம்பர்கிஷ் வெறும் வட்டார வழக்கு, அதை மொழியாக எழுதக்கூடாது என்று குறிப்பு வேறு. மக்கள் மூன்றுக்கும் லக்சம்பர்க் என்றே பதில் எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். அந்த மொழிக்குத் தேசிய மொழி என்ற சட்டத் தகுதி 1984இல்தான் கிடைத்தது. இன்று நாட்டில் மொத்தமே ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளிநாட்டவர். நாடாளுமன்றத் தேர்தலில் வெளிநாட்டவருக்கு ஓட்டு தரலாமா என்று 2015இல் கேட்டபோது 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேலைக்கு வருபவர்களையும் சேர்த்தால், பகலில் தன் ஊரிலேயே அந்தப் பெரியவர் சிறுபான்மை.

என் அனுபவம் சின்னது. குடியுரிமைக்கான மொழித் தேர்வு எழுதி முடித்து, அந்தச் சூட்டோடு வாசல் காவலாளியிடம் லக்சம்பர்கிஷில் நாலு வார்த்தை பேசினேன். அவர் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிரான்சின் மெட்ஸ் நகரிலிருந்து வருகிறாராம்.

எஷ்வாசி, உங்களுக்கு ஒரு யோசனை. இப்போதே வகுப்பில் சேருங்கள். ஐந்து ஆண்டு வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய மொழித்திறன் அளவில் பேச்சுக்கு ஏ2 (அடிப்படை), கேட்டுப் புரிவதற்கு பி1 (இடைநிலை) போதும். பேச்சுத் தேர்வில் படம் காட்டி விவரிக்கச் சொல்வார்கள், வீட்டில் காலண்டர் படத்தை வைத்தே பழகலாம். வேலையில் இருப்பவர்களுக்கு லக்சம்பர்கிஷ் படிக்க மொத்தம் 200 மணி நேரம் வரை சிறப்பு விடுப்பு உண்டு. காலையில் லக்சம்பர்கிஷில் வரும் ஆர்டிஎல் வானொலியை ஓடவிடுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை, காது பழகும். ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லைதாண்டி:
1941இல் அந்தப் பெண்ணின் பாட்டிகூடப் பிறந்திருக்க மாட்டார், சகோ. மாதச் சம்பளத்துக்கு ரொட்டி விற்பவள். பெரியவருக்கு வருத்தம் இருந்தால் கடை முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

எஷ்வாசி:
அண்ணா, நான் குடியுரிமையைப் பற்றிக் கேட்கவே இல்லையே. மகளுக்கு ஜெர்மன் வாசிப்பு வர வேண்டும், அடுத்த சந்திப்பில் அவளை நடுவில் நிறுத்தாமல் நானே பேச வேண்டும், அவ்வளவுதான். சரி, அந்த விடுப்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, கிடைக்குமா?

கிர்ச்பெர்க் மழை:
ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.