ஹாலுக்கு 43 இன்ச் போதுமா, 55-க்குக் கூடப் பணம் போடலாமா?

கரிசல்:
சோபாவில் உட்கார்ந்தால் டிவி வைக்கும் சுவர் 9 அடி தூரம். 43 இன்ச் 4கே (ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள்) டிவியைவிட 55 இன்ச் 14,000 ரூபாய் அதிகம். இப்போது இருப்பது எஸ்டி (பழைய, குறைந்த தெளிவு) டிடிஎச் பாக்ஸ். பகலில் அம்மா சீரியலும் பழைய படமும் பார்ப்பார்கள், ராத்திரி ஓடிடியில் புதுப் படம் ஓடும். ஷோகேஸில் டிவிக்கு விட்ட இடம் 4 அடி அகலம். கூடுதல் பணத்துக்குப் பலன் இருக்குமா?

அளவுநாடா:
முதலில் ஷோகேஸைப் பாருங்கள். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. படம் தெரியும் அகலம் மட்டுமே 121.8 செ.மீ. 4 அடி என்பது 121.9 செ.மீ. ஓரச் சட்டமும் சேர்ந்தால் டிவி உள்ளே போகாது. 50 இன்ச் திரை 110.7 செ.மீ. அகலம், அது தாராளமாக உட்காரும். 55-தான் வேண்டுமென்றால் ஷோகேஸை விட்டுவிட்டு வேறு சுவரில் மாட்ட வேண்டும். மேசைமேல் வைப்பதாக இருந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெரிய டிவிகளில் கால்கள் ஓரத்துக்கே தள்ளி இருக்கும்.

பிக்சல்வாசி:
9 அடியில் 4கேவுக்காக மட்டும் பெரிய திரை வாங்க வேண்டாம். நல்ல பார்வை உள்ளவர்களுக்கே 55 இன்ச்சில் ஃபுல் எச்டியின் புள்ளிகள் 7 அடிக்குள் வந்தால்தான் பிரிந்து தெரியும். அதைத் தாண்டினால் 4கேவும் ஃபுல் எச்டியும் கண்ணுக்கு ஒன்றுதான்.

எஸ்டி சேனல் கதை நேர் எதிர். அதில் மேலிருந்து கீழே 576 கோடுகள்தான். 43 இன்ச்சில் 10 அடி தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கோடுகள் ஓரளவு மறைந்துவிடும். 55-ல் 13 அடி தள்ள வேண்டும். அதனால் இதே பாக்ஸோடு 55 வாங்கினால் அம்மா பார்க்கும் சீரியல் இப்போதைவிட மங்கலாகத்தான் தெரியும். எச்டி பாக்ஸ் மாற்றி, எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, பாக்ஸ் செட்டிங்கில் 1080i என்று வையுங்கள். மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரை எச்டி பாக்ஸில் மாட்டினால் எச்டி சேனலும் எஸ்டி தரத்தில்தான் வரும். எச்டி சேனல்களுக்கு மாதக் கட்டணம் கூடும், அதையும் அந்த 14,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

திரைக்கட்டம்:
புதுப் படங்களை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு 55-க்கு. ஸ்கோப் படத்தில் (சினிமாவின் அகலத்திரை வடிவம்) அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு. அகலத் திரையிலும் மேலே கீழே கறுப்புப் பட்டை விழும். 55-ல் படத்துக்குக் கிடைக்கும் உயரம் 51 செ.மீ. 43-ல் 40 செ.மீ.தான். 43-ன் முழுத்திரைச் சீரியலே 53.5 செ.மீ. உயரம் வருகிறது. சீரியல் முகத்தைவிட சினிமா முகம் சிறியதாகத் தெரிவதுதான் 43-ல் உள்ள பெரிய குறை.

பழைய 4:3 (அகலம் 4, உயரம் 3) படங்களை இழுத்து நிரப்பினால் முகத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ரிமோட்டில் படஅளவை 4:3 என்று மாற்றுங்கள், சேனலே இழுத்து அனுப்பியிருந்தாலும் அது சரியாகிவிடும். சேனலே இரு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்பினால் மட்டும் 16:9-லேயே (டிவியின் முழுத்திரை வடிவம்) விடுங்கள், மாற்றினால் முகம் ஒல்லியாகும். ஜூம் வேண்டாம், தலையையும் சப்டைட்டிலையும் வெட்டும்.

கரிசல்:
நன்றி. ஷோகேஸை இடிக்க முடியாது. அப்படியானால் 50? பக்கவாட்டில் ஒரு திவானும் இருக்கிறது, அதில்தான் அம்மா படுத்துப் பார்ப்பார்கள்.

அளவுநாடா:
50 சரி. 43-ஐவிடத் திரைப்பரப்பு 35 சதவீதம் கூடும். பக்கத்திலிருந்து பார்ப்பவர் இருப்பதால் பேனல் (திரைத் தகடு) வகையைக் கேளுங்கள். விஏ பேனல் நேரே பார்க்கக் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கத்தில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பக்கத்திலும் நிறம் காட்டும், ஆனால் விளக்கணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அம்மாவுக்காக ஐபிஎஸ்ஸே எடுங்கள். ஒரே மாடலில் அளவுக்கு அளவு பேனல் மாறுவதுண்டு. கடையில் அந்த 50 இன்ச்சையே ஓடவிட்டு, திவான் இருக்கும் கோணத்தில் நின்று பாருங்கள்.

ஷோகேஸின் பின்பக்கம் வெறும் ப்ளைவுட் என்றால் அதில் பிராக்கெட் மாட்ட வேண்டாம், காலிலேயே நிறுத்துங்கள். பின்னால் சுவர் இருந்தாலும் ஹாலோ பிளாக்கா (உள்ளே வெற்றிடம் உள்ள கல்) என்று தட்டிப் பாருங்கள். அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டிவியில் பிராக்கெட்டை முடுக்கும் ஸ்க்ரூ, டிவியோடு வந்த அளவே இருக்கட்டும். நீளமானதைப் போட்டால் உள்ளே பேனலைக் குத்திவிடும்.

பிக்சல்வாசி:
விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய ஸ்டிக்கர் விலையிலிருந்து தள்ளுபடி கணக்கு சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் வரி 18 என்று இருக்கிறதா பாருங்கள்.