‘ஹேண்ட்’ எங்கிருந்து வந்தது: பிடித்ததா, கடன் வாங்கியதா?

வேர்தேடி:
ஆங்கிலம் ஹேண்ட், ஜெர்மன் ஹண்ட், ஐஸ்லாந்து மொழியில் ஹோண்ட், 4-ஆம் நூற்றாண்டுக் கோதிக் (வழக்கொழிந்த பழைய ஜெர்மானிய மொழி) பைபிளில் ஹண்டுஸ். ஜெர்மானிய மொழிகள் முழுக்கக் கைக்கு ஒரே சொல். வெளியே போனால் கிரேக்கத்தில் கெய்ர், லத்தீனில் மனுஸ்; எதுவும் ஒட்டவில்லை. என் கட்சி இதுதான்: கோதிக்கில் ‘ஃப்ராஹின்தன்’ என்றால் சிறைபிடித்தல். அந்த ‘ஹின்த்’ வினையில் பிறந்த சொந்தச் சொல் இது. பிடிப்பதால் கை.

அஸ்தம்13:
சமஸ்கிருத ‘ஹஸ்த’வை விட்டுவிட்டீர்களே? அதுவும் ஹ, இதுவும் ஹ.

ஒலிவிதி:
அந்த ஹ-வில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஜெர்மானிய ஹ, இந்த மொழிகளின் பொது மூதாதை மொழியிலிருந்த பழைய க-விலிருந்து வந்தது: லத்தீன் கோர்னு, ஆங்கிலம் ஹார்ன். சமஸ்கிருத ஹ-வோ பெரும்பாலும் பழைய மூச்சொலிக் க-வின் (‘கடம்’ என்பதை வடமொழியில் சொல்லும்போது வருவது) வழிவந்தது. அதற்கு ஜெர்மானியத்தில் சாதாரண G ஒலிதான் வரும். சமஸ்கிருத ஹம்ஸ, ஜெர்மன் கன்ஸ், ஆங்கிலம் கூஸ் மூன்றும் அப்படித்தான் இணைகின்றன. ‘ஹஸ்த’வுக்கு ஜெர்மானிய உறவு இருந்தால் அது G-யில் தொடங்கியிருக்க வேண்டும். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் அதே சொல் ‘ஸஸ்த’ என்று இருக்கிறது; ஹ அங்கேயே இல்லை.

வேர்தேடிக்கு ஒரு கேள்வி. ஹின்தனில் ‘த’ (ஆங்கில thin-இல் வரும் th), ஹண்டுஸில் ‘ட’ (D). எப்படி?

வேர்தேடி:
கார்ல் வெர்னர் 1877-இல் வெளியிட்ட விதி. பழைய அழுத்தம் முந்தைய அசையில் விழாவிட்டால் அந்த ‘த’ குரலொலி பெற்று ‘ட’ ஆகும். கோதிக்கில் சகோதரன் ப்ரோதர், தந்தை ஃபடர். சமஸ்கிருதத்தில் ப்ராதாவுக்கு அழுத்தம் முதலசையில், பிதாவுக்குக் கடைசியில். (இன்றைய ஆங்கில ‘ஃபாதரை’ வைத்துச் சோதிக்காதீர்கள், அந்த ‘த’ பின்னால் வந்தது.)

இன்னொரு தடயம். பழைய ஆங்கிலத்தில் கொள்ளைப்பொருள் ‘ஹூத்’. அதுவும் இதே வேர்தான். ‘த’வுக்கு முன் ன் விழுந்து உயிர் நீண்டது. பல்லுக்கும் அதே கதி: கோதிக் டுன்துஸ், ஆங்கிலம் டூத். ஹேண்டில் ‘ட’ ஆகிவிட்டதால் ன் பிழைத்தது.

பொருளுக்குச் சாட்சி லிதுவேனிய மொழி: ‘ரிங்க்டி’ சேகரித்தல், ‘ரங்கா’ கை. ஹின்த்–ஹண்ட் இடையே உள்ள உயிர்மாற்றம்தான் (இ, அ) அங்கும்.

ஒலிவிதி:
ஒலியில் தகராறு இல்லை. ரங்கா நல்ல சாட்சி. ஆனால் ‘ஹின்த்’ வேருக்கே ஜெர்மானியத்துக்கு வெளியே உறுதியான சொந்தம் கிடையாது. புதிரை அடுத்த அறைக்குத் தள்ளியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மேலும் வினையிலிருந்து பிறந்த பெண்பால் சொல்லுக்கு உகர ஈறு எதற்கு? ரங்கா ஆகார ஈறு. ஜெர்மானியர் வருமுன் அந்த மண்ணில் இருந்த மக்களிடமிருந்து கடன் வாங்கிய சொல் என்றால் இந்த இடறல் இல்லை.

வேர்தேடி:
உகரத்தை நம்பவேண்டாம். கால் ஃபோடுஸ், பல் டுன்துஸ். இரண்டும் கோதிக்கில் உகர ஈறு, ஆனால் பிறப்பில் மெய்யீறு. ஹண்டுஸும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கலாம். பழைய நார்ஸில் (ஐஸ்லாந்து மொழியின் தாய்) பன்மை ‘ஹெந்த்ர்’, மெய்யீற்றுப் பெயர்களைப் போலவே.

உம்லவுட்:
உகர ஈறு ஜெர்மனில் இன்னும் கிடக்கிறது. பன்மை ஹெண்ட, நான்காம் வேற்றுமையில் ஹெண்டன். ஆனால் ‘ஃபோர்ஹண்டன்’ (கைவசம் உள்ள), ‘அப்ஹண்டன்’ (கைநழுவிய) இரண்டிலும் ‘அ’ மாறவில்லை. பழைய உயர்ஜெர்மன் (இன்றைய ஜெர்மனின் முன்னோடி) காலத்து உகர ஈற்று வடிவமான ‘ஹண்டும்’ அப்படியே உறைந்துவிட்டது. மாணவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள், பாவம்.

லத்தீன் மனுஸ் ஒட்டவில்லை என்றதும் சரியில்லை. பழைய நார்ஸில் ‘முண்ட்’ என்றாலும் கைதான், மனுஸின் உறவாகக் கருதப்படுவது. ஜெர்மன் ‘ஃபோர்முண்ட்’, அதாவது காப்பாளர், அதன் எச்சம். வாய் என்ற பொருளுள்ள ‘முண்ட்’ வேறு சொல், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேர்தேடி:
ஆக, பழைய சொல்லைப் ‘பிடி’ தள்ளிவிட்டது.

ஒலிவிதி:
தள்ளியது உறுதி. தள்ளியவர் வீட்டுப்பிள்ளையா விருந்தாளியா என்பதற்கு முண்ட் சாட்சி சொல்லாது. ஹின்த்துக்கு வெளியே ஒரு சொந்தத்தைக் காட்டுங்கள், அடுத்த பதிவிலேயே கட்சி மாறுகிறேன்.