பிண்டில், கட்ஜன்: கீலா, குடுமியா?

வணக்கம்.

மரச் சுக்கானைச் செப்பனிடும் கையேட்டில் இரண்டு சொற்கள் இன்னும் தமிழாகவில்லை. பிண்டில், சுக்கானின் முன்விளிம்பைக் கவ்வும் பட்டையோடு சேர்ந்த ஊசி. கட்ஜன், படகின் பின்பலகையில் அந்த ஊசி இறங்கும் வளையம். கீலூசி, கீல்வளையம் என்று முன்மொழிகிறேன். மாதிரி வரி:

"கீலூசி கீல்வளையத்துள் ஆடினால் அசிட்டல் பிளாஸ்டிக் உறை போடவும். நைலான் நீரை உறிஞ்சி உப்பும், சுக்கான் இறுகிவிடும்."

----

> கீலூசி, கீல்வளையம்

உறை பற்றிய வரி அப்படியே இருக்கட்டும். கீல் வேண்டாம் ஐயா. படகு நூலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை. தாருக்கும் கீல் என்று பெயர். ஆங்கிலத்திலிருந்து வந்த கீல் அடிமரத்தைக் குறிக்கிறது. "கீலருகே விரிசல்" என்று படிப்பவர் படகின் அடியில் போய்த் தேடுவார்.

இன்னொன்று: சாதாரணக் கீலில் ஊசி உள்ளேயே தங்கிவிடும். சுக்கானோ தூக்கினால் கழன்று வரவேண்டும். பழைய மரக்கதவு இப்படித்தான் நிற்கும். கதவின் குடுமி குழியில் இறங்கிச் சுழலும், தூக்கினால் கழலும். தச்சர் வாயில் இருக்கும் சொல்லே போதும்: குடுமி, குடுமிக்குழி.

----

> குடுமி, குடுமிக்குழி

குடுமிக்கு முழு ஆதரவு. குழியை ஏற்க இயலவில்லை. இந்த வளையம் அடி திறந்தது. நீரும் மணலும் கீழே போய்விடும். குழி என்று எழுதினால் அடி மூடிய கிண்ணத்தைச் செய்து பொருத்திவிடுவார்கள். அதில் மணல் தங்கிக் குடுமியை அராவும். குடுமி வளையம் என்போம். "சுக்கான் குடுமி" என்று நீட்டவும் வேண்டாம். சில படகுகளில் கீழ்க்குடுமி பின்பலகையில் மேல்நோக்கி நிற்கும், வளையம் சுக்கானில் இருக்கும்.

சொல் தாங்குகிறதா என்று கையேட்டின் கடினமான பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

"குடுமிப் பட்டையைக் கழற்றி போல்ட் துளைகளைச் சோதிக்கவும். மரம் முதலில் மெத்துப்போவது அங்கேதான். சுக்கான் திரும்பும்போதெல்லாம் போல்ட் மரத்தை நசுக்க, அந்த இடைவெளியில் நீர் ஏறுகிறது. மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை நிழலில் காயவிடவும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. துளையிட்டு, உட்சுவரில் வெறும் எப்பாக்சிப் பிசினைத் தடவி, அது ஊறியதும் ஒருபுறம் நாடா ஒட்டி, சிலிக்காத்தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பவும். இறுகிய பின் நடுவில் 8 மி.மீ. துளையிடவும். இனி போல்ட் மரத்தைத் தொடாது."

மெத்துப்போன பகுதி 14 மி.மீ. துளைக்கும் வெளியே பரவியிருந்தால் நிரப்புவதில் பயனில்லை. அதை வெட்டியெடுத்து, 1:8 சரிவில் (மரத்தின் தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளச் சரிவு) புது மரம் இணைக்க வேண்டும். பித்தளை போல்ட் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கடல்நீரில் துத்தநாகம் கரைந்துபோய், மிஞ்சும் செந்நிறச் செம்பு நொறுங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகும் ஈர மரத்துள் காற்றில்லாமல் கிடந்தால் குழிகுழியாக அரிக்கும். தலை பளபளக்கும், நடுத்தண்டு மெலிந்திருக்கும். கழற்றிப் பார்க்காமல் தெரியாது.

----

குடுமி, குடுமி வளையம், குடுமிப் பட்டை மூன்றையும் ஏற்கிறேன். கீழ்க்குடுமியை மேற்குடுமியைவிடச் சற்று நீளமாக வைப்பது வழக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வளையத்தில் இறக்குவது தண்ணீரில் நின்றுகொண்டு ஆகாத வேலை. ஆகவே நெடுங்குடுமி, குறுங்குடுமி என்ற இணையையும் சேர்த்துக்கொள்வோம். பொருத்தும்போது குழப்பம் வராது.

திரும்பப் பூட்டும் பத்தியில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: "போல்ட்டுகளை இறுக்குமுன் எல்லா வளையங்களிலும் ஒரே நேர்க்கம்பியை நுழைத்துப் பார்க்கவும். கம்பி தடையின்றிச் சுழலாவிட்டால், விலகிய வளையத்தின் அடியில் தகடு வைத்து நேராக்கவும். சுக்கானை மாட்டியபின், அலையில் அது மேலெழும்பிக் கழலாதபடி மேல்வளையத்தில் தடைவில் ஒன்றைப் பூட்டவும்."